சுவர் வழியாகப் படித்த நான்-டீடெயில்

வகுப்பு மலருக்கு ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நம் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தபோதே நீங்கள் எல்லோரும் எதை எழுதப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சைக்கிள் ஸ்டாண்டு, கேன்டீன் வடை, சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போன பஸ். எழுதுங்கள். எனக்கு நான்கு பக்கம் வேண்டும். வரம்பைத் தளர்த்தக் கோரிக் குழு நிர்வாகிக்கு முறைப்படி எழுதினேன், பதில் இல்லை. பதில் வராத கோரிக்கையை ஏற்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்று எந்த விதியிலும் கிடையாது. ஆனால் நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

முப்பத்தெட்டு வருஷம் பள்ளிகளுக்கான அலுவலகத்தில் இருந்தேன். எந்த வகுப்புக்கு எந்தப் புத்தகம், எத்தனை பிரதி என்று தேவைப்பட்டியல் தயாரித்தது என் மேசை. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்புதான் இனி எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடநூல் என்று வந்தது. அலுவலகத்தில் பாதிப் பேர் ஆகா என்றார்கள், பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லோருக்கும் ஒரே புத்தகம் என்பதை நம் பள்ளியில் நான் பதினைந்து வயதிலேயே ஒரு முழுத் தாளில் எழுதி அமல்படுத்தியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் நான்கு பக்கம்.

பத்தாம் வகுப்பு, ஜூன் மாதம். ஒன்பதாவது முழுப் பரீட்சையில் இங்கிலீஷில் அறுபது வாங்கியவர்கள் ஏ பிரிவு, வாங்காதவர்கள் பி பிரிவு என்று பிரித்தார்கள். நான் ஐம்பத்தெட்டு. அடுத்த வீட்டுக்காரி அறுபத்தொன்று. அவள் பெயரை எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். பரீட்சைக்கு முந்தின நாள் அவளுக்கு இலக்கணப் பகுதி முழுவதையும் சொல்லிக் கொடுத்தவள் நான் என்பது உங்களில் யாருக்கும் தெரியாது. எனவே இங்கே பதிவு செய்கிறேன்.

பிரிவோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பாடநூல் இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான். நான்-டீடெயில் மட்டும் வேறு. நம் பேரப்பிள்ளைகள் யாராவது இந்த மலரைப் புரட்டினால் அவர்களுக்காக: நான்-டீடெயில் என்பது இங்கிலீஷ் துணைப்பாடம். வரிக்கு வரி அர்த்தம் சொல்ல மாட்டார்கள், கதையாக வாசித்துக்கொண்டே போக வேண்டியது. பி பிரிவுக்கு வந்தது நாற்பது பக்க நீதிக்கதைகள். நன்றியுள்ள நாய், சோம்பேறித் தையற்காரர், பொய் சொன்ன பால்காரர். ஒவ்வொரு கதைக்கும் அடியில் கட்டம் போட்டு நீதி. அதை மட்டும் படித்தால் போதும், கதைக்கு அவசியமே இல்லை.

ஏ பிரிவுக்கு நாவல். சுருக்கம் அல்ல, முழு நாவல். இங்கிலீஷ் டீச்சர் பாண்டிச்சேரியில் ஒரு கடையில் நேரில் போய்ப் பேசி, கட்டுக் கட்டாக பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். குளிர்க் கடலில் ஒரு தீவு. தீவில் கலங்கரை விளக்கம். அதைக் காக்கும் அப்பா, அவருக்கு இரண்டு பெண்கள். எண்ணெய் வாங்கப் படகில் போன அப்பா திரும்பி வரவில்லை. பெரியவள் தினமும் இருநூறு படி ஏறிப் போய் விளக்கை ஏற்றுகிறாள். கீழே பீப்பாயில் எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறது.

பி பிரிவில் இருந்த எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சுவர் வழியாகத்தான்.

நம் சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ்களை எப்படிக் கட்டியிருந்தார்கள் என்று நினைவிருக்கும். இரட்டை வீடு, நடுவே ஒற்றைச் சுவர். எங்கள் முன்னறையும் அவர்கள் முன்னறையும் அந்தச் சுவரின் இரண்டு பக்கம். அவர்கள் வீட்டில் கடுகு தாளித்தால் நாங்கள் தும்முவோம். கொடியில் காயும் துணியில் விழும் அனல்மின் நிலையச் சாம்பல்கூட இரண்டு வீட்டுக்கும் சமமாகத்தான் விழுந்தது. என் அப்பா ஆபீஸில் கிளார்க், எப்போதும் ஜெனரல் ஷிஃப்ட். அவள் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் காடாம்புலியூர்க்காரர், சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மிஷினில் ஆபரேட்டர், ஷிஃப்ட் மாறி மாறி வரும். சம்பளமும் வீட்டின் அளவும் ஒன்றுதான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நாவல் இருந்தது, இந்தப் பக்கம் பால்காரர் இருந்தார். வேறு வித்தியாசம் இல்லை.

மாமாவுக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் மகள் வாசிப்பதைக் கேட்க வேண்டும். முதல் ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்து, ஈஸிசேரில் சாய்ந்துகொள்வார். டிராயிங் ஆபீஸில் கழித்துப்போட்ட நீலப் பிரிண்ட் தாளில் அவரே அட்டை போட்டுக் கொடுத்த புத்தகத்தை அவள் பிரிப்பாள்.

“வாயிலயே வெச்சிகினு முணுமுணுக்காத பாப்பா. சத்தமா படி. அடுத்த வூட்டுக்கும் கேக்கணும்.”

இந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நிற்கும்.

“கேட்டியா? வேணும்னே சொல்றாரு. பொண்ணு ஏ செக்‌ஷன்னு நமக்குத் தெரியணுமாம்.”

“அதெல்லாம் இல்ல,” என்பார் அப்பா. “மிஷின்ல உக்காந்து உக்காந்து மனுஷனுக்குக் காது மந்தம். அதான் கத்தச் சொல்றாரு.”

இரண்டு பேரில் அம்மா சொன்னதையே நான் நம்பினேன். நம்பிக்கொண்டே ஒரு பித்தளை டம்ளரைச் சுவரில் கவிழ்த்து அதன் மேல் காதை வைத்தேன். டம்ளரின் விளிம்பு காதைச் சுற்றி வட்டமாகச் சிவந்து, சாப்பிட உட்காரும்போதும் மறைந்திருக்காது. அவள் உச்சரிப்பு மோசம். பாதிச் சொற்களை நான் மனதுக்குள் திருத்திக்கொண்டுதான் கேட்க வேண்டும். தப்பாக வாசிக்கிறவள் கையில் புத்தகம், திருத்தத் தெரிந்தவள் காதில் டம்ளர். பொறாமை என்பதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அந்த விளிம்பு கற்றுத்தந்தது.

ஒரே தடவை வாய்விட்டுக் கேட்டேன்.

“ஒருநாள் குடுடி. காலைல திருப்பித் தந்துடறேன்.”

“டீச்சர் சத்தியம் வாங்கியிருக்காங்க. பி செக்‌ஷனுக்குக் குடுக்கக் கூடாதாம்.”

“ஏனாம்?”

“கிழிச்சிடுவீங்களாம்.”

கிழிக்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

கதை எனக்கு முழுதாகக் கிடைத்ததா என்றால் இல்லை. மாமாவின் ஷிஃப்ட் அதை மூன்றாக வெட்டியது. முதல் ஷிஃப்ட் வாரம், அவர் எதிரே உட்கார்ந்து கேட்க வாசிப்பாள். செகண்ட் ஷிஃப்ட் வாரம் அவர் வேலையில் இருப்பார், அப்போதும் சத்தமாகவே வாசிப்பாள். நைட் ஷிஃப்ட் வாரம் அவர் சாயங்காலம் முழுக்கத் தூங்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். வீட்டில் பாத்திரம்கூடச் சத்தம் போடக் கூடாது. அந்த வாரம் அவள் மனதுக்குள் வாசித்துக்கொள்வாள். எனக்கு மூன்றில் ஒரு பங்கு நாவல் கிடையாது. ஒரு வாரம் பீப்பாய் நிறைய எண்ணெய் இருக்கும். அடுத்த தடவை கேட்கும்போது பீப்பாயில் ஓட்டை, தங்கை ஒரு மூலையில் அழுகிறாள்.

அப்படி ஒரு வாரத்துக்குப் பிறகு பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தோம். தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“ஏன்டி, பீப்பாயில ஓட்டை போட்டது யாரு, தங்கச்சியா?”

அவள் நின்றாள். “ஒனக்கு எப்படித் தெரியும்?”

“கனவு கண்டேன்.”

என் காதைப் பார்த்தாள். “சரி,” என்றாள். ஓட்டை போட்டது யார் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து அவள் குரல் இன்னும் உயர்ந்தது. வெறுப்பேற்றுகிறாள் என்று புரிந்துகொண்டேன். இன்னொன்றும் நடந்தது: அதற்குப் பிறகு நைட் ஷிஃப்ட் வாரங்களில் கதை நகரவே இல்லை. விட்ட இடத்திலேயே நிற்கும். ஏ பிரிவு மந்தமாகிவிட்டது என்று எனக்குள் ஒரு திருப்தி.

அக்டோபரில் இங்கிலீஷ் டீச்சரிடமே போனேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ஏ செக்‌ஷன் புக்கு எனக்கு ரெண்டு நாள் வேணுங்க.”

“ஒங்க புக்க முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேங்க.”

“அப்ப இன்னொரு வாட்டி படி. ஒனக்கு அது போதும்மா.”

அன்பாகத்தான் சொன்னார். அதட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அன்பு என்னை நோட்டீஸ் போர்டுக்குக் கொண்டுபோனது.

நம் பள்ளியில் நோட்டீஸ் போர்டை மேலிருந்து கீழ்வரை படித்த ஒரே மாணவி நான். அதில் கல்வித்துறை அங்கீகரித்த துணைப்பாட நூல்களின் பட்டியல் ஜூனிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. நீதிக்கதைகள் இருந்தன. கலங்கரை விளக்கம் இல்லை. இரண்டு முறை விரல் வைத்துப் பார்த்தேன். போன வருஷப் பட்டியல் அடியில் கிழியாமல் ஒட்டியிருந்தது, அதில் இருந்தது. அதாவது, டீச்சர் பழைய பட்டியலைப் பார்த்து வாங்கிவிட்டார். கையில் ஒரு வருஷம் பழைய தாளை வைத்துக்கொண்டு பாண்டிச்சேரிவரை போயிருக்கிறார்.

மனு எழுதுவது எங்கள் வீட்டுக் கைவேலை. தண்ணீர் வரவில்லை, பெயரில் திருத்தம், கான்ட்ராக்ட் ஆளைப் பர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று சுற்று ஊர்க்காரர்கள் அப்பாவிடம் வருவார்கள். அப்பா சொல்லச் சொல்ல நல்ல பிரதி எடுப்பது நான். பொருள், பார்வை, மேற்படி, கனிவான பரிசீலனை எல்லாம் பன்னிரண்டு வயதிலேயே பழக்கம். கல்வி அதிகாரிக்கு ஒரு தாள் எழுதினேன். அங்கீகாரம் இல்லாத நூலை ஒரு பிரிவுக்கு மட்டும் வைத்து மாணவரிடையே பேதம் செய்வதாகவும், இரு பிரிவுக்கும் ஒரே நூலை வைக்க ஆவன செய்யும்படியும். கீழே ‘பாதிக்கப்பட்ட பெற்றோர்’ என்று போட்டேன். பெயர் போடவில்லை. அப்பாவின் மற்ற கடிதங்களோடு அதையும் தபால் பெட்டியில் போட்டேன். எனக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்படிக் கேட்க ஒரு படிவம் இருந்திருந்தால் நிரப்பியிருப்பேன்.

ஒன்றும் நடக்கவில்லை. நவம்பரில் மழை வந்தது. மனுவை நானே மறந்துவிட்டேன், ஏனென்றால் நாவல் சூடுபிடித்துவிட்டது. பீப்பாயில் கடைசி எண்ணெய். பெரியவள் தன் போர்வையைக் கிழித்துத் திரி போடுகிறாள். தூரத்தில் கடலில் ஒரு வெளிச்சம். அது வருகிறதா, போகிறதா என்று தெரியவில்லை. அங்கே அத்தியாயம் முடிந்தது. இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. மறுநாள் திங்கள், மாமாவுக்கு நைட் ஷிஃப்ட்.

அந்த வாரம் நான் ஷிஃப்ட் சங்கை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏ பிரிவில் ஒருத்தியிடம் கதையின் முடிவை மெல்ல விசாரித்தேன். “பி செக்‌ஷனுக்குத் தமிழ்ல மொழிபெயர்த்து வேற சொல்லணுமா?” என்றாள். அவள் இப்போதும் நம் குழுவில் இருக்கிறாள். தினம் காலை வணக்கம் அனுப்புகிறாள்.

வியாழக்கிழமை கல்வி அதிகாரி வந்தார்.

இப்போது எனக்குத் தெரிந்த விதி: கையொப்பம் இல்லாத மனுமேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை, கோப்பில் வைத்துவிடலாம். அந்த மனிதர் எதற்காக அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தார் என்று என் பணிக்காலம் முழுக்க யோசித்திருக்கிறேன். மனு நன்றாக எழுதப்பட்டிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

பியூன் ஏ பிரிவுக்குள் போய் ஒவ்வொரு பெஞ்சாகப் புத்தகத்தை வாங்கினார். எங்கள் ஜன்னலைத் தாண்டி அடுக்கு போனது. மேலே நீல அட்டை. தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த பீரியடில் அவர்களுக்கும் நீதிக்கதைகள் வந்தன. எங்கள் பிரிவில் சிலர் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கடலில் தெரிந்த வெளிச்சம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது; அதைப் பூட்டியவளும் நான்தான்.

அடுத்த திங்கள் மாமா ஈஸிசேரில் உட்கார்ந்தார். நான் பழக்கத்தில் டம்ளரோடு நின்றேன்.

“ஏன் பாப்பா படிக்கல?”

“புக்க வாங்கிகினாங்கப்பா.”

“அப்ப கையில இருக்கறது என்னா?”

“இது வேற.”

“எதுவா இருந்தா என்னா. இதப் படி.”

அவள் பால்காரர் கதையைச் சத்தமாக வாசித்தாள். ஏழெட்டு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. மாமா சிறிது நேரம் காத்திருந்தார்.

“அவ்ளோதானா?” என்றார்.

இங்கிலீஷ் டீச்சருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதினார். ‘கவனக்குறைவு’ என்று ஒப்புக்கொண்டாராம். அடுத்த ஜூனில் அவர் வரவில்லை. சொந்த ஊருக்கே போய்விட்டார் என்றார்கள். மனுவின் தமிழைப் பார்த்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் தமிழ் ஐயாவைச் சந்தேகப்பட்டார்கள். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன் தமிழ் ஓர் அதிகாரியைப் புறப்பட வைத்தது என்ற எண்ணம் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கடைசிவரை அவரோடு சேர்ந்து டீ குடிக்க ஆள் இல்லை.

என் ஓய்வுக்கு முந்தின வருஷம், நம் பள்ளியிலிருந்து கழிவுப் பட்டியல் ஒன்று என் மேசைக்கு வந்தது. பழுதடைந்த பெஞ்சு, உடைந்த உலக உருண்டை, கரையான் அரித்த ஆங்கில நூல்கள் ஒரு பீரோ. நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். போனேன். அடுக்கின் மேலே நீல அட்டை, ஓரம் மட்டும் அரித்து, உள்ளே எழுத்துக்குச் சேதமில்லாமல். கழிவான பொருளை ஊழியர் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. எடுத்துப் போனேன். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் மீறிய விதி அது ஒன்றே.

கடைசி அத்தியாயம் பதினொரு பக்கம். அந்த வெளிச்சம் ஒரு சரக்குக் கப்பல். கேப்டன் நல்லவர். அப்பா ஏதோ துறைமுகத்தில் காய்ச்சலில் கிடந்து பிழைத்துவிட்டார். பெரியவளுக்கு கேப்டனின் தம்பியோடு கல்யாணம், எல்லோரும் பட்டணத்துக்குப் போகிறார்கள். அடியில் கட்டம் போட்ட நீதி ஒன்றுதான் குறை. இருந்தாலும் யாரிடமும் சொல்லாமல் அலமாரியில் வைத்துக்கொண்டேன். அவளுடைய புத்தகம் கடைசியில் என்னிடம் இருந்தது. குழுவில் அவள் பேரன் படத்தையும் வெளிநாட்டுப் பனியையும் போடும்போதெல்லாம் அலமாரியை ஒரு முறை பார்த்துக்கொள்வேன்.

போன மாதம் காடாம்புலியூரில் ஒரு காதணி விழாவுக்கு வந்தவள், பண்ருட்டியில் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவள், நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து பச்சை முந்திரிக் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு பலாச்சுளை. நான் அலமாரியைத் திறந்து புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன். வெற்றியை அறிவிக்க வேறு வழி எனக்குத் தெரியாது.

நீல அட்டையைத் தடவினாள். “எங்கப்பா போட்டது,” என்றாள். பிறகு, “இதுல கடைசில என்னாடி ஆச்சு?”

“ஒனக்குத் தெரியாதா?”

“நான் எங்க முடிச்சேன்? அதுக்குள்ளதான் புடுங்கிட்டாங்களே.”

“மத்தவங்க எல்லாம் அந்த வாரமே முடிச்சிட்டாங்களே.”

“முடிச்சாளுங்க. கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொன்னாளுங்க. ஒருத்திக்கும் புரியல.” சுளையிலிருந்து கொட்டையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். “நான் அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் முடியட்டும்னு வெச்சிருந்தேன். மனசுக்குள்ள படிச்சா ஒனக்கு எப்படிக் கேக்கும்? பீப்பாய் ஓட்டைய யார் போட்டான்னு தெரியாம அன்னிக்கு முழிச்சியே.”

நான் அவள் தட்டில் இன்னொரு சுளையை வைத்தேன்.

“குடுக்கக் கூடாதுன்னுதானே டீச்சர் சத்தியம் வாங்கினாங்க. படிக்கக் கூடாதுன்னு சொல்லலியே. எங்கப்பாகிட்ட கேட்டேன். அதுக்கென்னா, சத்தமா படி, அந்தப் பொண்ணும் கேக்கட்டும்னாரு.”

அன்று அம்மா அரிசி களைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“கண்ணாடி கார்ல இருக்கு,” என்றாள். “நீயே படி.”

படித்தேன். பதினொரு பக்கமும், உச்சரிப்புப் பிழை இல்லாமல். கப்பல், காய்ச்சல், கேப்டன், தம்பி, கல்யாணம். முடித்து நிமிர்ந்தபோது சிறிது நேரம் காத்திருந்தாள்.

“அவ்ளோதானா?” என்றாள். அப்படியே மாமாவின் குரல்.

அப்போதுதான் சொன்னேன். மனு போட்டது நான் என்று.

“தமிழ் ஐயா இல்லியா?”

“இல்ல.”

தட்டில் இருந்த கொட்டைகளை ஒன்றாகச் சேர்த்தாள். “டீச்சர் பாவம்டி,” என்றாள். வெகுநேரம் கழித்து, “ஐயாவும்,” என்றாள். தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவள் போன பிறகும் என்னை அரித்துக்கொண்டிருப்பது அவளுடைய நல்ல மனசு அல்ல. நல்ல மனசு சிலருக்கு அமைந்துவிடுகிறது, அதற்காக யாரும் பொறாமைப்பட முடியாது. கொடுக்கக் கூடாது என்பதுதான் உத்தரவு. வாசிக்கக் கூடாது என்று உத்தரவு இல்லை. உத்தரவை மீறாமல் அதற்குள் இருந்த வழியைப் பதினைந்து வயதில் கண்டுபிடித்தவள் அவள். எல்லா விதியும் தெரிந்த எனக்கு அதே வயதில் தோன்றியது பூட்டு. அறுபத்தொன்றுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவே இருந்த மூன்று மார்க் என்னவென்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிகிறது.

புறப்படும்போது புத்தகத்தைக் கேட்டாள். காரின் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது, பெற்றுக்கொண்டதற்கு அவளிடம் கையெழுத்து வாங்கவில்லை.